வெண்ணெய் வாத்து மேசை

மொழிபெயர்ப்பு வேலையில் சில ஆங்கிலச் சொற்கள் அடிக்கடி தலைகாட்டும். பார்த்ததும் கை தானாக ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்டிவிடும். ‘ஸ்மார்கஸ்போர்டு’ அப்படி ஒன்று. சுற்றுலாக் கையேடோ வங்கி விளம்பரமோ, ஏதோ ஒன்று வகைவகையாக, ஏராளமாகக் கிடைக்கிறது என்று சொல்ல ஆங்கிலக்காரர்களுக்கு இது கைவசச் சரக்கு. நான் ‘கதம்பம்’ என்று போட்டுவிடுவேன். ஒருமுறை ‘அவியல்’ என்றுகூடப் போட்டேன். யாரும் திருப்பி அனுப்பியதில்லை.

அது தப்பு என்று எனக்குப் புரிந்தது ஸ்டாக்ஹோமில், ஒரு டிசம்பர் ராத்திரி, கையில் தட்டோடு நின்றபோது.

அங்கே நான் மூன்று வருஷம் இருந்தேன். டிசம்பர் வந்தால் ஒவ்வோர் அலுவலகமும் தன் ஆட்களை ‘யூல்பூட்’டுக்கு அழைத்துப்போகும். யூல் என்றால் கிறிஸ்துமஸ், பூட் என்றால் மேசை. ஸ்மார்கஸ்போர்டு என்பது பல பண்டங்களைப் பரப்பி வைத்து, அவரவர் எடுத்துத் தின்னும் ஸ்வீடன்காரர்களின் விருந்து மேசை. அதன் கிறிஸ்துமஸ் வடிவம் யூல்பூட். முதல் வருஷம் ஏரிக்கரையில் இருந்த ஒரு பழைய விடுதிக்குப் போனோம். மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டிருந்தது. உள்ளே நீளமான மேசை, அதன்மேல் கண் கொள்ளாத அளவுக்குப் பாத்திரங்கள். எனக்கு நம் ஊர்க் கல்யாண பஃபே பழக்கம். ஒரு முனையில் தட்டை எடுத்தேன், மறுமுனையில் வந்து நின்றேன். வினிகரில் ஊறிய மீன், அதன்மேல் இறைச்சி உருண்டை, பக்கத்தில் பீட்ரூட் சாலட், அதன் இளஞ்சிவப்புச் சாறு ஓடிப்போய்க் கலந்த உருளைக்கிழங்கு, ஓரத்தில் கொஞ்சம் இடம் இருந்ததே என்று பாலும் ஆரஞ்சும் போட்ட அரிசி இனிப்பு.

எங்கள் குழுவில் அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார். அவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 1960களின் கடைசியில் ‘நீங்கள்’ எல்லாம் கழன்றுபோய் எல்லோருக்கும் ‘நீ’ என்று ஆகிவிட்ட நாடு அது. என் வாயில் கடைசிவரை அது வரவில்லை. பெயரும் சொல்லாமல் அம்மாவும் போடாமல், எதிரே போய் நின்று பேசியே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டேன். அவர் என் தட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமில்லை, ஒரு மாதிரியான இரக்கம்தான்.

“இது அஞ்சு சாப்பாடு. நீ ஒண்ணாக் கொட்டிட்ட.”

தட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, புதுத் தட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, என்னை மேசையின் தொடக்கத்துக்கு அழைத்துப்போனார்.

முதல் சுற்று ஹெர்ரிங் மீன். அவர்கள் மொழியில் ‘சில்’. கடுகில் ஊறியது, வெங்காயத்தில் ஊறியது, சதகுப்பைக் கீரையில் ஊறியது என்று ஏழெட்டுக் கிண்ணம் இருக்கும். கூட அவித்த உருளைக்கிழங்கு, புளித்த கிரீம், வெண்ணெய், அப்பளம் மாதிரி நொறுங்கும் க்னெக்கெப்ரேட் ரொட்டி. வேறு எதையும் தொடக்கூடாது. அதைத் தின்று முடித்து, அந்தத் தட்டை அங்கேயே விட்டுவிட்டுப் புதுத் தட்டோடு இரண்டாம் சுற்று: மற்ற குளிர்ந்த மீன்கள், புகையூட்டிய சால்மன், உப்பும் சர்க்கரையும் தடவி ஊறவைத்த சால்மனான கிராவ்லாக்ஸ். மூன்றாவது, ஆறிய இறைச்சியும் சாலட்டும். நான்காவதில்தான் சூடான பண்டம் வரும்: இறைச்சி உருண்டை, குட்டி சாசேஜ், ‘யான்சனின் சபலம்’ என்று பேர் வைத்த உருளைக்கிழங்குப் பதார்த்தம். ஐந்தாவது இனிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு என்பதில் விட்டுக்கொடுக்கவே மாட்டார்கள். மீன் பட்ட தட்டில் இறைச்சி வைத்தால், நாம் பாயசம் ஊற்றிய இடத்தில் ரசத்தை ஊற்றினால் என்ன முகம் சுளிப்போமோ, அதே சுளிப்பு.

அந்த ஹெர்ரிங் கிண்ணங்களில் ஒன்று செக்கச்செவேல் என்று இருந்தது. ‘மத்யெஸ்’ வகை. மறுநாள் கடையில் அதே வகை டப்பா ஒன்றை எடுத்துப் பொருள் பட்டியலைப் படித்தேன். உப்பு, சர்க்கரை, மசாலாவோடு ‘சாண்டெல்’ என்று இருந்தது. சந்தனம்தான். செஞ்சந்தனம். ஆந்திராவின் கிழக்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் விளைகிற, கடத்தல் செய்தியில் மட்டுமே நாம் கேள்விப்படுகிற செம்மரம். அதை அரைத்து மீனுக்குப் போடுகிறார்கள் என்று தெரிந்தபோது கடையிலேயே கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

சரி, சொல்லுக்கு வருவோம்.

‘ஸ்மார்கஸ்போர்டு’ என்பது ஆங்கிலக்காரர்களின் வாயில் புரண்ட வடிவம். ஸ்வீடனில் கேட்டால் ‘ஸ்மொர்கோஸ்பூட்’ என்பதற்குப் பக்கத்தில் ஒலிக்கும். முதல் உயிரொலி தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை. உதட்டைக் குவித்துக்கொண்டு ‘எ’ சொல்ல வேண்டும். ஆனால் கடைசி எழுத்தில் நமக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஸ்டாக்ஹோம்காரர்கள் அங்குள்ள ‘ர’வையும் அடுத்து வரும் மெய்யையும் சேர்த்து நாக்கை மடித்து ஒரே ஒலியாகச் சொல்வார்கள். அது நம் ‘ஆடு’, ‘வீடு’வில் வரும் அதே டகரம். ஐரோப்பாவில் அதைக் கேட்டபோது, தெரியாத ஊர் பஸ் நிலையத்தில் பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

மூன்று துண்டுகள். ஸ்மொர் என்றால் வெண்ணெய். கோஸ் என்றால் வாத்து, பெரிய வகை வாத்து. பூட் என்றால் மேசை. வெண்ணெய் வாத்து மேசை! முதலில் எனக்கு இது வாத்துக் கறியில் வெண்ணெய் தடவிய சமாசாரம் என்றுதான் பட்டது. ஆனால் ‘ஸ்மொர்கோஸ்’ என்று மட்டும் சொன்னால், இன்றைய ஸ்வீடனில் வெண்ணெய் தடவி மேலே ஏதாவது வைத்த ரொட்டித் துண்டு. காலையில் ஆபீஸ் மேசையில் தின்பது, குழந்தைக்கு மாலையில் கொடுப்பது, எல்லாம் அதுதான். வாத்தும் இல்லை. அதைவிட வேடிக்கை, ரொட்டி என்ற சொல்லே அதில் இல்லை.

வாத்து எங்கிருந்து வந்தது? அந்த அம்மாளிடம்தான் கேட்டேன். “பாட்டி கடையும்போது மேல மிதக்குமே, அதுதான் வாத்து” என்றார். அகராதிகளும் அதையே சொல்கின்றன. கிரீமைக் கடையும்போது வெண்ணெய் சின்னச் சின்னக் கட்டிகளாகத் திரண்டு மேலே மிதக்கும். குளத்தில் வாத்துகள் மிதப்பதுபோல அது அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. அந்தக் கட்டியை ‘வெண்ணெய் வாத்து’ என்றார்கள். ஒரு ரொட்டித் துண்டின்மேல் வைக்க ஒரு கட்டி சரியாக இருந்தது. கட்டியின் பேர் ரொட்டிக்கு வந்தது. நாளடைவில் கட்டி போய்விட்டது, பேர் ரொட்டியோடு தங்கிவிட்டது.

கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் அகராதிக்காரர்கள் அழகாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தேகம் வரும். அந்த வாரக் கடைசியில் நானே கடைந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். மத்துக்கு எங்கே போவது? ஸ்வீடிஷ் கடைகளில் ‘விஸ்ப்கிரெட்டெ’ என்று 40 சதவிகிதம் கொழுப்புள்ள கிரீம் கிடைக்கும். அதை ஊறுகாய் பாட்டிலில் பாதிவரை ஊற்றி, மூடியை இறுக்கி, சோபாவில் உட்கார்ந்து குலுக்க ஆரம்பித்தேன். முதல் சில நிமிஷம் தண்ணீர் மாதிரிச் சளசளத்தது. அப்புறம் சத்தமே நின்றுவிட்டது. பாட்டிலுக்குள் எல்லாம் நுரைத்துக் கட்டியாகி, குலுக்கினாலும் அசைவில்லை. தோற்றுவிட்டோம் என்று நினைத்தேன். அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

“நிறுத்திராத. இப்பத்தான் திரளப்போகுது. நிறுத்தினா போச்சு.”

இன்னும் இரண்டு நிமிஷம். திடீரென்று ‘தொபக்’ என்று ஒரு சத்தம், மறுபடி சளசளப்பு. கண்ணாடி ஓரமெல்லாம் வழித்துவிட்டாற்போலத் தெளிந்தது. மூடியைத் திறந்தால், வெள்ளை மோரில் வெளிர்மஞ்சளாக நாலைந்து கட்டிகள். அடியில் போய்த் தங்காமல் மேலேயே அசைந்துகொண்டிருந்தன. உடம்பில் முக்கால்வாசி தண்ணீருக்குள், முதுகு மட்டும் வெளியே. ஒரு கட்டியில் ஒரு பக்கம் கூராக நீட்டிக்கொண்டிருந்தது, கழுத்து மாதிரி. வாத்துதான். என்னால் மறுக்க முடியவில்லை.

“அம்மா, இது வாத்து மாதிரி இருக்கா?”

“வெண்ணெய் வெண்ணெய் மாதிரிதான்டா இருக்கும். ஐஸ் தண்ணி ஊத்திக் கழுவு, இல்லாட்டி நாளைக்கே நாறிடும்.”

அம்மாவுக்கு வாத்து தெரியாமல் போனது ஆச்சரியமில்லை. மாமல்லபுரத்தில் அத்தனை பெரிய பாறையைப் பார்த்துவிட்டு வெண்ணெய் உருண்டை என்று பேர் வைத்தவர்கள் நாம். எல்லாவற்றிலும் வெண்ணெயைப் பார்ப்போம், வெண்ணெயில் வேறொன்றைப் பார்க்க மாட்டோம்.

ஆனால் அந்த ‘கோஸ்’ என்ற சொல்லைத் துருவப் போனபோது ஒன்று அகப்பட்டது. ஸ்வீடிஷின் கோஸ், ஆங்கிலத்தின் கூஸ், ஜெர்மனின் கான்ஸ், சமஸ்கிருதத்தின் ஹம்ஸம், இவை எல்லாம் ஒரே பழைய வேரில் பிறந்தவை என்பது மொழியியலில் பாலபாடம். ஹம்ஸம்தான் நம்மிடம் அன்னம் ஆயிற்று என்கின்றன நம் அகராதிகள். அப்படியானால் ஸ்மொர்கோஸைத் தமிழில் ‘வெண்ணெய் அன்னம்’ என்று சொல்லிவிடலாம். பாலையும் நீரையும் பிரிக்கும் என்று நாம் கதை கட்டிய பறவை, அங்கே பாலிலிருந்து பிரிந்து மேலே மிதக்கிறது. (சோறு என்று பொருள்படும் அன்னம் வேறு வேர்ச்சொல். அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கும் கை அரித்தது, போடவில்லை.)

இந்த மேசை முதலில் சாப்பாட்டு மேசையே இல்லை. ‘பிரென்வின்ஸ்பூட்’ என்று அதற்குப் பேர், சாராய மேசை. பிரென்வின் என்றால் சொல்லுக்குச் சொல் ‘எரித்த மது’, அதாவது காய்ச்சி வடித்தது. விருந்துக்கு வந்தவர்கள் பந்தியில் உட்காருமுன் சுவரோரமாக இருந்த ஒரு சின்ன மேசையைச் சுற்றி நின்றுகொண்டு ஒரு மடக்கு குடித்து, ரொட்டியும் வெண்ணெயும் சீஸும் ஹெர்ரிங்கும் கடித்துக்கொள்வார்கள். அந்த நொறுக்கு மேசை கொஞ்சம் கொஞ்சமாக வீங்கியது. 19ஆம் நூற்றாண்டில் விடுதிகளிலும், சாப்பாட்டுப் பெட்டி இல்லாத அந்நாள் ரயில்கள் நின்ற நிலையங்களிலும் அது இருந்தது. 1912இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக்ஸ் நடந்ததை ஒட்டி, அங்கிருந்த உணவகங்களில் அது முன்சாப்பாடாக இல்லாமல் முழுச் சாப்பாடாகவே மாறிப்போனது. பழைய சின்ன மேசையின் எச்சம் இன்னும் உணவகப் பட்டியல்களில் உண்டு: எஸ்.ஓ.எஸ். என்று போட்டிருக்கும். ஆபத்து அழைப்பு இல்லை. ஸ்மொர், ஊஸ்ட், சில். வெண்ணெய், சீஸ், ஹெர்ரிங்.

ஐந்து சுற்று என்ற ஒழுங்கை நான் ஆதிகாலத்துச் சடங்கு என்று நினைத்திருந்தேன். அவ்வளவு பழசில்லை. உலகப் போர்க் காலப் பற்றாக்குறையில் பெரிய மேசைகள் மங்கிவிட்டன. தூரெ வ்ரெட்மன் என்ற சமையல் கலைஞர் 1960களின் தொடக்கத்தில் ஸ்டாக்ஹோமின் ஓப்பெராஷெல்லரென் உணவகத்தில் ஸ்மொர்கோஸ்பூடை மறுபடி நிறுத்தினார். எதை எதற்குப் பின் தின்பது என்று ஐந்து சுற்றாக விளக்கி நிலைநாட்டியவரும் அவரே. எனக்கு இது ஏமாற்றமாக இல்லை. ஒழுங்கு இல்லாமல் நாசமாகப்போன ஒன்றை ஒழுங்கு போட்டுக் காப்பாற்றியிருக்கிறார். சமையல்காரர்கள் செய்யக்கூடிய நல்ல காரியங்களில் அது ஒன்று.

அதற்குள் சொல் வெளியூர் கிளம்பியிருந்தது. 1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஸ்வீடன் அரங்கின் ‘மூன்று கிரீடங்கள்’ உணவகத்தில் இந்த மேசையைப் போட்டார்கள். அதிலிருந்து அமெரிக்கர்களின் வாயில் இது நன்றாகப் புழங்கத் தொடங்கியது. ஸ்வீடிஷ் எழுத்துகளின் மேலிருந்த இரட்டைப் புள்ளியும் சுழியும் முதலில் உதிர்ந்தன. அப்புறம் வெண்ணெய், மேசை, கடைசியில் சாப்பாடும் உதிர்ந்து, ‘ஏராளம்’ மட்டும் மிஞ்சியது. உருவகமாக ஸ்வீடன்காரர்களும் இதைச் சொல்வதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர்களுக்குச் சாப்பாடு கண்முன் இருக்கிறது. ஆங்கிலத்தில் இதை எழுதும் பாதிப் பேர் ஒரு ஹெர்ரிங்கைக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இதில் இன்னொரு கூத்து: மூன்று துண்டுகளுக்கும் ஆங்கிலத்திலேயே உடன்பிறப்புகள் உண்டு. தடவுவதைச் சொல்லும் ஸ்மியர், வாத்தைச் சொல்லும் கூஸ், பலகையைச் சொல்லும் போர்டு. வந்த விருந்தாளி சொந்தக்காரர் என்றே அவர்களுக்குத் தெரியவில்லை. நாமும் ஒன்றும் உசத்தியில்லை. மதுரை அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று ஊரே திரண்டு நின்று, 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானது. அத்தனை நாளும் எல்லோர் வாயிலும் புழங்கிய ‘டங்ஸ்டன்’ ஸ்வீடிஷ்தான். கனத்த கல் என்று பொருள். ஸ்வீடன்காரர்களோ அந்த உலோகத்தை ‘வொல்ஃப்ராம்’ என்கிறார்கள்.

மற்ற நாடுகள் இந்த மேசையை எப்படி அழைக்கின்றன என்று பார்த்தால் ஒவ்வொன்றின் குணமும் தெரிகிறது. பின்லாந்தில் துண்டு துண்டாக மொழிபெயர்த்தார்கள்: வோய்லெய்பெபொய்த்தெ, வெண்ணெய் ரொட்டி மேசை. வாத்தை விரட்டிவிட்டு, விட்டுப்போன ரொட்டியைச் சேர்த்திருக்கிறார்கள். பொறுப்பான மொழிபெயர்ப்பாளர் எவரோ. ரஷ்யாவில் ‘ஷ்வேத்ஸ்கி ஸ்தோல்’, ஸ்வீடன் மேசை. எஸ்தோனியா, ஹங்கேரி, செக் நாட்டிலும் அப்படியே. ஆக, ரஷ்ய விடுதியில் தோசை வரிசையாக அடுக்கி வைத்தாலும் அது ஸ்வீடன் மேசைதான். ஸ்வீடனிலோ சாதாரணத் தானே-எடுத்துக்கொள் விருந்துக்குப் பேர் பஃபே.

ஜப்பான் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. டோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் தலைவர் இனுமாரு டெட்சுசோ டென்மார்க்கில் இந்த மேசையைப் பார்த்துவிட்டு, ஊரில் இதையே போட வேண்டும் என்று திரும்பினார். ‘ஸ்மொர்கோஸ்பூட்’ ஜப்பானிய நாக்கில் புரளவில்லை. என்ன பேர் வைப்பது? அந்த வருஷம், 1958இல், வைக்கிங் கொள்ளையர்களைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்று வந்திருந்தது. அதில் அவர்கள் கையால் பிய்த்து வயிறு முட்டத் தின்பார்கள். ஸ்காண்டிநேவியா என்றாலே வைக்கிங்தானே! ‘இம்பீரியல் வைக்கிங்’ என்று கடை திறந்தார்கள். இன்றைக்கும் ஜப்பானியத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் தின்னும் விருந்துக்கு ‘பைகிங்கு’ என்றுதான் பேர். நியாயமாகப் பார்த்தால் ஆங்கிலக்காரர்கள் செய்ததையே இவர்களும் செய்திருக்கிறார்கள், ஆனால் தைரியமாகச் செய்திருக்கிறார்கள். சொல்லைத் திருகாமல் புதுச் சொல்லே வைத்துவிட்டார்கள்.

நான் என்ன செய்வது? கதம்பத்தில் பூக்கள் கலந்து கட்டப்படும். அவியலில் காய்கள் ஒன்றோடொன்று வெந்துபோகும். கூட்டாஞ்சோறு கேட்கவே வேண்டாம். என் கைவசம் இருந்த சொற்கள் எல்லாம் கலப்பின் சொற்கள், இதுவோ கலக்காமல் வைக்கிற விஷயம். அன்றைக்கு என் தட்டில் இருந்ததுதான் கதம்பம், அதைத்தான் அந்த அம்மாள் பிடுங்கி ஓரமாக வைத்தார். இப்போதெல்லாம் அந்தச் சொல் வந்தால் ‘விரித்துவைத்த விருந்து’ என்று எழுதுகிறேன். வங்கி விளம்பரத்துக்கு அது கொஞ்சம் அதிகம்தான். அங்கே மட்டும் ‘பலவகை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.

கடைந்த வெண்ணெயைக் கழுவி, உப்புப் போட்டு, ஒரு சின்ன டப்பாவில் அந்த அம்மாளின் வீட்டுக்கு எடுத்துப்போனேன். மேசையில் க்னெக்கெப்ரேட் இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட வட்ட ரொட்டி. பழைய காலத்தில் கழியில் கோத்து உத்தரத்தில் தொங்கவிடுவார்களாம், எலிக்கு எட்டாமல். அதன் ஒரு பக்கம் குழிகுழியாக இருக்கும், மறுபக்கம் சமமாக இருக்கும். அவர் குழியுள்ள பக்கத்தில் வெண்ணெயை அழுத்தித் தடவ ஆரம்பித்தார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் கணவர், “அந்தப் பக்கம் இல்ல, வழுவழுப்புப் பக்கம்தான். எத்தனை வருஷமாச் சொல்றேன்” என்றார்.

“குழியிலதான் வெண்ணெய் நிக்கும்.”

“குழியிலதான் வெண்ணெய் வீணாப் போகும்.”

இருவரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் பேரைச் சொல்லாமல், யாரையும் பார்க்காமல், என் துண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.